மூடிய தொழிற்சாலை நிலத்தை ஊருக்காக எடுக்கும் முன்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கேட்கும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை எழுபதுகளில் வந்தது. அதை ஒட்டி பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறைகள், ஃபவுண்டரிகள் (உலோகம் உருக்கி வார்க்கும் இடங்கள்), பெயின்ட் அடிக்கும் ஷெட்டுகள் என்று சிறிதும் பெரிதுமாக முளைத்தன. அவற்றில் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்த இடம் இப்போது வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆன பிறகு நிலத்தின் விலையும் தேவையும் இன்னும் ஏறிவிட்டன. பூங்கா வேண்டும், நூலகம் வேண்டும், சந்தை வேண்டும் என்று கேட்கும் மக்களின் கண் இந்தப் பூட்டிய கேட்டுகள் மீது விழுவது நியாயம்தான். அப்படிக் கேட்பவர்களுக்காகவே இந்தப் பக்கம். குடியிருப்போர் சங்கங்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம்.

இடம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது, புல் கூட முளைத்திருக்கிறது. எதற்குச் சோதிக்க வேண்டும்?

புல் முளைப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஈயம் நிறைந்த மண்ணிலும் புல் முளைக்கும். தொழிற்சாலை மூடினால் புகையும் சத்தமும் அன்றே நிற்கும். மண்ணுக்குள் போன உலோகம் எங்கேயும் போகாது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை 1995இல் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடியது. அங்கே மண்ணில் எவ்வளவு பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற வாதமே பல ஆண்டுகள் நடந்தது. அவை பெரிய இடங்கள், உங்கள் ஊர் ஷெட் சின்னது. ஆனால் அங்கே ஆலை மூடியபின் யாரும் குழந்தைகளைக் கூட்டிப்போய் விளையாட விடவில்லை, நீங்கள் விடப்போகிறீர்கள். அதனால்தான் சின்ன இடத்துக்கும் இந்தக் கவனம் தேவைப்படுகிறது.

சரி, முதலில் லேபுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு பிடி மண்ணை எடுத்துப்போய் லேபில் கொடுத்து, ‘எல்லாம் பாருங்கள்’ என்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கும் சோதனை என்று ஒன்று கிடையாது. எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்று நாம் சொன்னால்தான் லேப் அதைத் தேடும். ஆகவே முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இங்கே என்ன வேலை நடந்தது, இனிமேல் இந்த மண்ணை யார் தொடப்போகிறார்கள். இவை தெரியாமல் வாங்கும் ரிப்போர்ட் கையில் இருந்தும் பயனில்லை.

நடந்த வேலையைக் கண்டுபிடிக்கக் காகிதம் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் நிலம் யார் யார் கையில் இருந்தது, எந்த வங்கியில் அடமானம் வைத்தார்கள் என்று தெரியும். நில அளவைப் புல வரைபடமும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடும் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு பக்கத்தில் இருக்கிறதா என்று காட்டும். கழிவுநீர் போன வழியை யூகிக்க அது உதவும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணையில் என்ன தயாரித்தார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், அது எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கும். அபாயக் கழிவு உண்டாக்கிய ஆலை என்றால் ஆண்டுதோறும் படிவம் 4இல் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். இப்போது சமமாக இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கருப்புக் குட்டை தெரியலாம்.

காகிதத்தில் இல்லாததைச் சொல்ல ஆள் இருக்கிறார். அங்கே இருபது வருடம் வேலை பார்த்த அண்ணன் யாராவது பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். வாட்ச்மேன், லாரி ஓட்டியவர், தொட்டி கழுவிய அக்கா, இவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். “டேங்க் நிறைஞ்சா எங்க ஊத்துவீங்க?”, “பழைய டிரம் எல்லாம் எங்க போட்டீங்க?” என்று நேராகக் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்டால், காம்பவுண்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்ததைக் கூட சொல்வார்கள். அவர்கள் விரல் நீட்டும் இடத்தை நூறு பக்க ஆவணத்தால் காட்ட முடியாது.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

ஒரு பிளேட்டிங் ஷெட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் தொட்டி இருந்த மேடை இருக்கும். அந்த மேடையைச் சுற்றிச் சிமென்ட் தரை அரிக்கப்பட்டு ஜல்லி வெளியே தெரிகிறதா பாருங்கள். அமிலம் சிந்திய இடம் அது. சுவரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், தரைக்குக் கீழே உள்ள குரோமியம் ஈரத்தோடு சுவரில் ஏறி வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள். அறுவழிக் குரோமியம் (ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதன் நச்சு மிகுந்த வடிவம்) தோலைப் புண்ணாக்கும், தூளாகி மூச்சில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தரையில் ஓடும் வடிகாலைப் பிடித்துக்கொண்டு அது போகும் திசையிலேயே நடங்கள். சிமென்ட் வாய்க்கால் முடிந்து மண் தொடங்கும் இடம் வரும். இடத்திலேயே மோசமான மண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் டீசல் டேங்க் புதைத்த இடம், ஜெனரேட்டர் மேடை, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கசிந்த தடம், பாய்லர் சாம்பல் கொட்டிய மேடு. கையில் கையுறை, காலில் மூடிய ஷூ இல்லாமல் உள்ளே போகாதீர்கள். மூடிய தொட்டிக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. விஷவாயு தேங்கியிருந்தால் ஆளைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

எந்த வேலைக்கு எதைத் தேட வேண்டும்?

பிளேட்டிங் என்றால் குரோமியம், நிக்கல், துத்தநாகம், காட்மியம், சயனைடு. இயந்திர உதிரிபாகம் செய்த ஆலை என்றால் கட்டிங் ஆயில், கிரீஸ், அதைக் கழுவப் பயன்படுத்திய ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள். இந்தக் கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை, நிலத்தடி நீருக்கும் கீழே இறங்கித் தங்கும். டீசல் அப்படியல்ல, நீரின் மேல் மிதக்கும். கரைப்பான் ஆவியாகி மண் வழியாக மேலே வந்து, மேலே கட்டிய அறைக்குள் சேரவும் கூடும். அதனால் அங்கன்வாடி கட்டுவதாக இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். பழைய பேட்டரி உடைத்த இடம் என்றால் ஈயமும் அமிலமும். பெயின்ட் ஷெட் என்றால் ஈயம், குரோமியம், தின்னர்.

கிரானைட் பாலிஷ் செய்த இடத்தில் பெரும்பாலும் கல் மாவுதான் இருக்கும். அது காய்ந்து பறக்கும்போது சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. மாங்கூழ் ஆலை, ஜவ்வரிசி ஆலை, சர்க்கரை ஆலை இவற்றின் கழிவு நாற்றம் அடிக்கும், கிணற்றைக் கெடுக்கும், ஆனால் அது பெரும்பாலும் மக்கிப்போகும் வகை. நாற்றம் அடிக்கும் இடத்தைப் பார்த்துப் பயந்து, நாற்றமே இல்லாத பிளேட்டிங் ஷெட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

மண் மாதிரி எடுப்பது விவசாயத்துக்கு எடுப்பது மாதிரிதானே?

இல்லை. வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, கால்பங்கிட்டு அரைக் கிலோ அனுப்புவோம். உரம் எவ்வளவு போடலாம் என்று பார்க்க அது சரியான முறை. மாசு பார்க்க அது உண்மையை மறைத்துவிடும். ஒரு கணக்குப் பாருங்கள். பத்து இடத்தில் மண் எடுக்கிறோம். ஒன்பது இடத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஈயம். வடிகால் முடியும் ஒரே இடத்தில் 1000. கலந்து சோதித்தால் 118 என்று வரும். குடியிருப்பு நிலத்துக்குக் கனடா வைத்திருக்கும் வரம்பு 140. ரிப்போர்ட்டில் ‘பாதுகாப்பானது’ என்று வந்துவிடும். அந்த ஒரே இடத்தில் சறுக்குமரம் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் சந்தேகப்படும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனி மாதிரி, மற்ற இடங்களில் கட்டம் கட்டிச் சீரான இடைவெளியில் மாதிரி. ஆழமும் தனித்தனியாக வேண்டும். மேல் 15 சென்டிமீட்டர் குழந்தைகள் தொடும் மண், அதைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு அரை மீட்டர், ஒரு மீட்டர், நிறமோ வாடையோ மாறினால் அங்கே கூடுதலாக ஒன்று, மக்கிய பாறை தட்டும் வரை. முக்கியமான இன்னொன்று பின்னணி மாதிரி. ஆலைக்கு மேட்டுப் பக்கம், ஆலையின் கை படாத, அதே வகை மண்ணில் இரண்டு மூன்று இடத்தில் எடுப்பது. இது இல்லாமல் வரும் எண் அந்த நிலத்தின் இயல்பா, ஆலை போட்டதா என்று பிரிக்க முடியாது. உங்கள் இடம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே, தென்பெண்ணைப் பாசனத்தில் இருந்தால் பின்னணி இடத்தை இன்னும் கவனமாகப் பொறுக்க வேண்டும். பெங்களூருவின் கழிவைச் சுமந்து நுரை தள்ளி வரும் நீர் பாய்ந்த வயலைச் சுத்தமான மண் என்று வைத்துக்கொள்ள முடியாது.

மாதிரியை எடுப்பவர் லேப் ஆளாகவே இருக்கட்டும், லேப்களுக்கான தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கே இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் சார்பில் இருவர் கூட நின்று, ஒவ்வொரு மாதிரிக்கும் போனில் இடத்தோடு படம் எடுத்து, சீல் வைக்கும்போது கையெழுத்துப் போடுங்கள்.

போர்வெல் தண்ணீரைச் சோதித்தோம், நன்றாக இருக்கிறது என்று வந்தது. அது போதாதா?

எதைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் பிஎச், கடினத்தன்மை, உப்பு, குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு இவைதான் இருக்கும். குரோமியமும் நிக்கலும் கேட்டால்தான் பார்ப்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்லும் உச்ச அளவு, லிட்டருக்குக் குரோமியம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02, ஈயம் 0.01, காட்மியம் 0.003, சயனைடு 0.05. அறுவழிக் குரோமியம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவை நெருங்கும்போதுதான் தண்ணீரில் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியும். அப்போது அது வரம்பைப் போல் 20 மடங்கு. தெளிவாக இருக்கிறதே என்று குடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

இன்னொரு விஷயம், நம் மாவட்டங்களின் பாறை. இங்கே மணல் படுகை கிடையாது. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டியான நைஸ், சார்னோக்கைட் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில் மட்டுமே ஓடுகிறது. ஆலையை ஒட்டிய போர் சுத்தமாக இருக்கும், அதே வெடிப்பில் விழுந்த, ஒரு பர்லாங் தள்ளி இருக்கும் போர் கெட்டிருக்கும். ஆகவே ஒரே போரை நம்பாமல் சுற்றிலும் உள்ள கிணறு, போர் எல்லாவற்றையும் எடுங்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை. மழையில் நீர்மட்டம் ஏறி, மண்ணில் இருந்ததைக் கரைத்துக்கொள்ளும்.

ஃப்ளோரைடு அதிகம் என்று வந்தது. ஆலைதானே காரணம்?

அவசரப்பட வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு பாறையிலிருந்தே வருகிறது. பல் கறையும் எலும்பு வளைவும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் வரும் பல், எலும்பு நோய்) தடுப்பும் சேர்ந்திருக்கிறது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது, அது எங்கிருந்து வந்தாலும் சரி. ஆனால் அதை ஆலையின் கணக்கில் எழுதிப் புகார் கொடுத்தால், பின்னணிக் கிணற்றிலும் அதே அளவுதான் என்று எதிர்த்தரப்பு காட்டிவிடும். அத்தோடு உண்மையான குரோமியப் புகாரும் நம்பிக்கை இழக்கும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

இரண்டோடு ஒப்பிடுங்கள்: பின்னணி மாதிரி, நீங்கள் நினைத்திருக்கும் பயன்பாட்டுக்கான வரம்பு. ஒரே மண்ணுக்குப் பல வரம்புகள் உண்டு. நம் நாட்டில் நீண்ட காலம் ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட கனடா அளவுகளில் ஈயத்துக்கு விவசாய நிலம் 70, குடியிருப்பு 140, வணிகம் 260, தொழில் 600 மில்லிகிராம். ஆக 200 என்று வரும் மண் சந்தைக் கட்டடத்துக்குக் கீழே இருக்கலாம், குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருக்கக் கூடாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ‘தொழிற்சாலை வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதி முடித்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தட்டிக் கேட்க வேண்டிய இடம் அது. ஊர் கேட்பது பூங்காவுக்கான பதில்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா? செலவு யார் தலையில்?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். தகவல் வந்த 90 நாளுக்குள் முதற்கட்ட மதிப்பீடு, அதன்பின் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் கெடுத்தவர் செலவு செய்து சரிசெய்ய வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ அவரிடம் வசதி இல்லாவிட்டாலோ அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கெடுத்தவரே கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இலேயே நம் மாநிலத்து வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் சொல்லிவிட்டது.

கல்குவாரிப் பள்ளங்களுக்கு இந்த விதி பொருந்தாது. சுரங்க வேலையால் வந்த மாசு இதில் சேராது, சாதாரணக் குப்பைமேடும் அப்படியே. அவற்றுக்கு வேறு விதிகள் உள்ளன.

மேலே நாலு லோடு செம்மண் கொட்டி மூடினால் போதுமா?

ஜேசிபி வைத்து நிரவி, செம்மண் போட்டு, செடி நட்டு, திறப்பு விழா நடத்துவது எளிது. ஒரு வேப்பமரம் வேர் விட்டால், ஒரு கம்பம் நடக் குழி தோண்டினால், கீழே இருந்தது மேலே வந்துவிடும். மழைநீர் அதற்குள் இறங்குவதும் நிற்காது. மூடுவது ஒரு முறைதான், ஆனால் அதற்கென்று நீர் புகாத விரிப்பு, களிமண் அடுக்கு, வடிகால், பிறகு ஆண்டுதோறும் கிணற்றுச் சோதனை எல்லாம் வேண்டும்.

மோசமான மண் கொஞ்சம்தான் என்றால் தோண்டி எடுத்து, உரிமம் பெற்ற வண்டியில் கும்மிடிப்பூண்டி போன்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புவதுதான் நல்லது. அறுவழிக் குரோமியத்தை ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து, எளிதில் கரையாத மூவழிக் குரோமியமாக மாற்றலாம். எண்ணெய் ஊறிய மண்ணில் காற்றும் ஈரமும் ஊட்டச்சத்தும் கொடுத்தால், நுண்ணுயிரிகளே எண்ணெயைப் பெருமளவு தின்று குறைக்கும். எந்த முறையானாலும் முடிந்தபின் வேறொரு லேப் மறுபடி மாதிரி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். சுத்தம் செய்தவரே ‘சுத்தமாகிவிட்டது’ என்று சான்று தருவதை ஏற்காதீர்கள்.

பழைய ஷெட்டை இடிக்கலாமா?

கூரை சிமென்ட் ஷீட் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும். பிளேட்டிங் ஷெட்டின் தரைச் சிமென்டும் செங்கல்லும் கூட மாசுதான், அந்த ஜல்லி வேறெங்கும் அஸ்திவாரத்துக்குப் போகக் கூடாது.

முடிவு வரும் வரை பிள்ளைகள் அங்கேதான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். என்ன செய்வது?

வேறு இடம் காட்டுங்கள், காட்டாமல் விரட்டினால் சுவர் ஏறிக் குதிப்பார்கள். வேலியும் பலகையும் வையுங்கள். உள்ளே இருக்கும் போர் மோட்டார் கனெக்‌ஷனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஆடு மாடு மேயவிட வேண்டாம். பழைய டிரம்மை யாரும் தண்ணீர் பிடிக்க வாங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவினாலும் அது போகாது. ஏற்கெனவே நிறைய நாள் அங்கே ஆடிய சின்னப் பிள்ளைகள் இருந்து, மண்ணில் ஈயமும் அதிகம் என்று வந்திருந்தால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி அரசு மருத்துவமனை டாக்டரிடம் கேளுங்கள். ஈயம் மூளை வளர்ச்சியைத் தாக்கும், பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

கிராம சபையில் என்ன தீர்மானம் போடுவது?

‘நிலத்தை ஊருக்குத் தர வேண்டும்’ என்று மட்டும் போட்டால், தந்துவிடுவார்கள், மாசோடு சேர்த்து. சர்வே எண், அங்கே நடந்த தொழில், ஊர் நினைக்கும் பயன்பாடு மூன்றையும் எழுதுங்கள். 2025 விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடமாகச் சேர்க்க வேண்டும், மதிப்பீடு முடிந்து ரிப்போர்ட் தமிழில் ஊருக்கு வாசிக்கப்படும் வரை நிலம் கைமாறக் கூடாது, மாதிரி எடுக்கும்போது ஊர் சார்பில் இருவர் நிற்க வேண்டும் என்று சேருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஓசூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டின் பகுதி சபையில் வைக்கலாம். தீர்மான நகலை ஆட்சியருக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். 90 நாள் கணக்கைக் கேட்டு நிற்கும்போது, என்றைக்குத் தகவல் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.